சேவரும் சேவயரும்

தேவமனோகரி களவெடுத்து வைத்திருந்தார் என்று செங்கலடிச் சந்தியில் பேசப்பட்ட பெட்டி ஒரு சோற்றுப் பானையை விடப் பெரியதல்ல. கறுப்பு நிறம். முன்பக்கத்தில் சிறிய நீல விளக்கு. உள்ளே இரண்டு வன்தட்டுகள். ஒன்றில் எழுதப்படுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது இருக்கும்.

அவர் கள்ளி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை.

மனோகரி படம் வரைபவர். மனிதரையோ மரத்தையோ அல்ல, காணிகளை. செங்கலடியில், பதுளை வீதியில் வல்லிபுரம் ஐயாவின் நில அளவை அலுவலகம் இருந்தது. தொழில்நுட்பக் கல்லூரியை முடித்த கையோடு மனோகரி அங்கே போய்ச் சேர்ந்தார். வேறெங்கும் வேலை பார்த்ததில்லை. தொடக்கத்தில் மைப்பேனாவும் மெல்லிய ட்றேசிங் தாளும். கோடு பிழைத்தால் பிளேட்டால் சுரண்டி, நகத்தால் தேய்த்து, மறுபடி கீறுவார். கணினி வந்தபோது வல்லிபுரம் பயந்தார். மனோகரி பயப்படவில்லை. "கோடு கோடுதானே ஐயா" என்றார்.

யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் சரிந்து தொங்கும் நாட்காட்டியை நேராக்கிவிட்டுத்தான் உட்காருவார். வடக்கு எந்தப் பக்கம் என்று எங்கே நின்றாலும் அவருக்குத் தெரியும். "நம்மட அடுப்படியிலயும் வடக்குக் குறி கீறிப் போட்டிரிக்கா, தேடிப் பாருங்க" என்று அவருடைய கணவர் கோணாமலை வருகிறவர்களிடம் சொல்வார். கோணாமலை ஓட்டோ ஓட்டுபவர். வீடு கொம்மாதுறையில், மனோகரியின் பெயரில். இந்தப் பக்கத்து வழக்கப்படி தாய் வீடு மகளுக்கு வந்தது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்தார்.

சுனாமிக்குப் பிறகு வாகரையிலிருந்து ஆட்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். வேலி இல்லை. எல்லைக் கல் இல்லை. காணி உறுதிப் பத்திரத்தைக் கடல் கொண்டுபோயிருந்தது. "எங்கட காணி எங்க இருந்த எண்டு சொல்லுங்க புள்ள" என்று கேட்டார்கள். சிலருடைய பழைய படம் அலுவலகத்தில் இருந்தது. அவர்களுக்குக் காணி கிடைத்தது. சிலருடையது இருக்கவில்லை. அவர்கள் திரும்பிப் போவதை மனோகரி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படம் ஒரே ஓர் இடத்தில் மட்டும் இருக்கக் கூடாது என்ற எண்ணம் அன்றைக்கு அவருக்குள் புகுந்தது. பிறகு அது போகவேயில்லை.

அலுவலகம் வளர்ந்தது. பழைய படங்களையெல்லாம் மனோகரி கணினிக்கு ஏற்றினார்; கறையான் அரித்த தாள்களை எறிந்துவிட்டார்கள். கணினிகள் கூடியதும் கம்பனி ஒன்று வந்து சேவர் எனப்படும் நடுக் கணினி ஒன்றை வைத்து, எல்லாவற்றையும் ஒரு டொமைனாகக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனது. யார் எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் அந்தச் சேவர் ஆளை அடையாளம் காணும், உள்ளே விடும். படங்கள் எல்லாம் அந்த ஒரே சேவரில்தான். அதாவது ஒரே ஓர் இடத்தில்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் கரண்ட் போய்ப் போய் வந்த காலத்தில் அந்தச் சேவர் இரண்டு தடவை விழுந்தது. இரண்டு தடவையும் எழும்பியது. மூன்றாம் தடவை எழும்பாது என்று மனோகரிக்குத் தோன்றியது. கொழும்பில் வலையமைப்பு வேலை பார்க்கும் மகன் நிலோஜனுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"வீட்டுப் பாவனைக்கு ஒரு பெக்கப் சேவர் வரும் அம்மா. ஹோம் சேவர் எண்டு சொல்லுற. குடும்பப் படம், பாட்டு எல்லாம் சேமிக்கிறதுக்குச் செஞ்சது. என்னட்டப் பழசு ஒண்டு கிடக்கு. அனுப்பிவிடவா?"

"ஒபிசுக்குச் சரி வருமா மனே?"

"டொமைனைக் கண்டா அது கொஞ்சம் முறைக்கும். வழிக்குக் கொண்டுவரலாம்."

மனோகரி போய் வல்லிபுரத்திடம் சொன்னார்.

"ஐயா, ஒரு ஹோம் சேவர் போடுவம்."

வல்லிபுரம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன சேவயர்?"

"சேவயர் இல்ல ஐயா. சேவர். வீட்டுச் சேவர்."

"நான் இஞ்ச குத்துக்கல்லு மாதிரி இரிக்கக்குள்ள உனக்கு வீட்டுக்கு வேற ஒரு சேவயரா? கோணாமலைக்குத் தெரியுமா இந்த விசயம்?"

அலுவலகம் முழுக்கச் சிரித்தது. நில அளவையாளரை இங்கே சேவயர் என்பார்கள். வேகமாகச் சொன்னால் சேவருக்கும் சேவயருக்கும் காது வித்தியாசம் காணாது. வல்லிபுரத்தின் மருமகன் ரதீஸ் மேசையில் தட்டிச் சிரித்தான். மனோகரியும் சிரித்தார். அதன் பிறகு காலையில் அவரைக் கண்டதும் வல்லிபுரம் கேட்பது வழக்கமாகிவிட்டது. "என்ன மகள், உன்ட வீட்டுச் சேவயர் எப்ப வாறார்? சாப்பாட்டுக்கு என்ன குடுக்கிற?"

பெட்டி பஸ்ஸில் வந்தது. வல்லிபுரமே தன் கதிரைக்குப் பின்னால் இருந்த அலுமாரியின் ஒரு தட்டைக் காலியாக்கிக் கொடுத்தார். மின் இணைப்புக்கு ஆள் பிடித்ததும் அவர்தான். "என்ட முதுகுக்குப் பின்னால இரிக்கட்டும். அப்பதான் ஒழுங்கா வேலை செய்வார்."

சேர்ப்பது இலேசாக இருக்கவில்லை. வீட்டுக்கென்று செய்த மென்பொருள் அது. வீட்டில் டொமைன் இருக்கும் என்று அதைச் செய்தவர்கள் நினைத்திருக்கவில்லை. டொமைனின் பெயரைக் கொடுத்தால் அப்படி ஒன்று இல்லை என்றது. மனோகரி தொலைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நின்றார். பெட்டி பெயர்களை ரவுட்டரிடம் விசாரித்துக்கொண்டிருந்தது. ரவுட்டருக்கு அலுவலகத்துப் பெயர்கள் தெரியாது. "டொமைன் சேவரிட்ட விசாரிக்கச் சொல்லுங்க அம்மா" என்றான் நிலோஜன். அதை மாற்றியதும் டொமைன் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டது, ஆனால் உள்ளே விடவில்லை. பெட்டியின் மணிக்கூட்டு பற்றரி செத்துப் போய், நேரம் பிந்தி ஓடியது. இரண்டு மணிக்கூடும் ஒத்துப்போகாவிட்டால் டொமைன் யாரையும் நம்பாது. நேரத்தைச் சரியாக்கினார். சேர்ந்தது.

"என்ன நடந்த?" என்று வல்லிபுரம் பின்னால் வந்து நின்று கேட்டார்.

"டொமைன் எண்டா குடி மாதிரி ஐயா. கோயில்ல கேட்பாங்கதானே, எந்தக் குடி எண்டு. மாப்பிள்ளை பொண்டாட்டி வீட்டில இருந்தாலும் அவரு குடி அவருக்கு. இதுவும் வீட்டுச் சாமான்தான். ஆனா இப்ப நம்மட குடி."

"அப்ப நம்மட கோயில்ல அவருக்கும் ஒரு பங்கு வைக்கவேணும்" என்றார் வல்லிபுரம். குடி என்றால் இங்கே தாய்வழி வரும் வம்சம்; கோயில் பங்கும் அதன்படிதான். நீல விளக்கு எரிவதை வல்லிபுரம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மனோகரியின் தலையில் கை வைத்து, "நீ இல்லாட்டி இந்த ஒபிஸ் இல்ல மகள்" என்றார். மனோகரி அதை வீட்டில் வந்து சொன்னார். திரும்பவும் சொன்னார். கோணாமலை மீனுக்கு உப்புத் தூவிக்கொண்டே, "தலையில கை வெச்சிட்டாரா, அப்ப சரி" என்றார்.

அதன் பிறகு சேவரும் ஒவ்வொரு கணினியும் வேலை முடிந்ததும் தன் பிரதியை அந்தப் பெட்டிக்கு அனுப்பியது. யாரும் அதை நினைக்கவில்லை. பெக்கப் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும்.

மறு வருடம் மஜீட் ஹாஜியார் வந்தார். ஏறாவூரில் புடைவை வியாபாரம் செய்பவர். பாசிக்குடாப் பக்கம் ஒரு காணி வாங்கப் பேசியிருந்தார். அளந்தது வல்லிபுரத்தின் அலுவலகம். ஹாஜியார் நேரே வல்லிபுரத்தின் மேசைக்கு வந்து, தன் கைத்தொலைபேசியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்னத்த ஐயா? என்ட காணிட படம். எனக்கு இன்னும் நீங்க தரல்ல. ஆனா அதே காணியக் கேட்ட மற்ற ஆள்ட கையில இரிக்கி. அந்த ஆள் விலையக் கூட்டிக் கேட்டு முடிச்சிட்டான். எப்பிடி?"

மனோகரி எட்டிப் பார்த்தார். காணியின் கிழக்குப் பக்கத்து ஒழுங்கை அந்தப் படத்தில் இல்லை. அது முதல் வரைவு. அதை வரைந்தது ரதீஸ். ஒழுங்கையைக் கீறிய பிறகுதான் படத்தை மற்றவர்களிடம் கொடுத்திருந்தான். ஒழுங்கை இல்லாத படத்தை அவன் தவிர யாரும் தொட்டதில்லை. வல்லிபுரம் ரதீஸைப் பார்த்தார். ரதீஸ் தன் சப்பாத்தைப் பார்த்தான். மனோகரி இருவரையும் பார்த்தார். மூன்று பேருக்கும் விளங்கியது.

வல்லிபுரம் தொண்டையைச் செருமினார். அவர் தன் மருமகனை ஏசப்போகிறார் என்றே மனோகரி நினைத்தார். அந்த ஏச்சு அளவோடு இருக்க வேண்டும் என்று ரதீஸுக்காகக் கொஞ்சம் இரங்கவும் செய்தார்.

"எங்கட கொம்பியூட்டர் எல்லாம் கட்டுப்பாட்டில இரிக்கி ஹாஜியார்" என்றார் வல்லிபுரம். "என்ன, இந்தப் புள்ள ஒரு வீட்டுச் சேவர் வெச்சிருக்கா. எல்லாப் படமும் அதுக்கும் போகுது."

ஹாஜியாரின் முகம் மாறியது. "வீட்டில ஒரு சேவயர் வெச்சிருக்காவா? இஞ்ச எடுக்கிற படத்த அங்க கொண்டு குடுக்காவா?"

மனோகரிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தப் பகிடியை அலுவலகம் எத்தனையோ தடவை கேட்டிருந்தது. வல்லிபுரம் ஐயா இப்போது சிரித்துவிட்டு, "அது ஆள் இல்ல ஹாஜியார், பெட்டி. இந்தா என்ட முதுகுக்குப் பின்னால இரிக்கி" என்று சொல்வார் என்று காத்துக்கொண்டு நின்றார்.

வல்லிபுரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் கதிரையை ஒரு சாண் பின்னுக்குத் தள்ளியிருந்தால் அலுமாரியில் முட்டியிருக்கும். அவர் தள்ளவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை.

"ஹாஜியார், அது சேவயர் இல்ல, சேவர்" என்றார் மனோகரி. "கொம்பியூட்டர். இஞ்சதான் இரிக்கி. ஐயாவுக்குத் தெரியும். ஐயா, சொல்லுங்க."

"இப்ப அந்தக் கதை எதுக்கு மகள்" என்றார் வல்லிபுரம். "நான் பார்த்துக்கிறன்."

"பொம்பிளப்புள்ள எண்டு பார்க்கிறன்" என்றார் ஹாஜியார் வல்லிபுரத்திடம். "ஆனா இந்த மாதிரி ஆக்கள வெச்சிக்கிட்டு எப்பிடி ஐயா தொழில் செய்யிறீங்க?" மனோகரியை அவர் பிறகு பார்க்கவேயில்லை.

பின்னேரம் வல்லிபுரம் மனோகரியைத் தனியே கூப்பிட்டார். ஹாஜியாரின் ஆட்கள் பெரிய வேலைகள் தரப் போகிறார்கள் என்றார். ரதீஸுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். "நீ கொஞ்சக் காலம் வீட்டில இரி மகள். உன்ட சாமானையும் எடுத்துக்கிட்டுப் போ. ஹாஜியார் கேட்டா அனுப்பிட்டன் எண்டு சொல்லலாம்."

"நான் எடுக்கல்ல எண்டு உங்களுக்குத் தெரியும்தானே ஐயா?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப அத அவருக்கிட்டச் சொல்லுங்க."

வல்லிபுரம் சுவரைப் பார்த்தார்.

மனோகரியைக் கள்ளி என்று அவர்கள் உண்மையில் நம்பியிருந்தால், அத்தனை படங்களும் உள்ளே இருந்த பெட்டியை அவர் கையில் கொடுத்து அனுப்பியிருக்கமாட்டார்கள். இது கணக்கு. ஆனால் செங்கலடி இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. மனோகரி ஒரு பெட்டியைச் சீலைத்துண்டால் சுற்றி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனதைத்தான் பார்த்தது.

கதை அவருக்கு முன்னால் ஓடியது. சந்தையில் தேசிக்காய் விற்ற பெண், "அக்கா, உங்கட வீட்டிலயும் ஒரு சேவயர் இரிக்காராமே, எங்கட வளவையும் அளந்து தருவாரா?" என்று கேட்டாள். நல்லெண்ணத்தோடுதான் கேட்டாள். பஸ்ஸில் பின்னால் இருந்து யாரோ, "நல்ல ஆள், முதலாளிட சோத்தத் திண்டுக்கிட்டு" என்றார்கள். திரும்பிப் பார்த்தபோது எல்லாரும் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேவர் வேறு சேவயர் வேறு என்று மனோகரி தொடக்கத்தில் எல்லாருக்கும் விளங்கப்படுத்தினார். விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அது கள்ளியின் பேச்சு மாதிரி இருந்தது. நிறுத்திவிட்டார்.

கோணாமலைதான் அடங்கவில்லை. "நான் போய்க் கேட்கட்டா?"

"வேணாம். ஐயா சொல்லுவார். அந்தாளுக்கு ஒரு நேரம் வேணும்."

"எந்த நேரம்கா? நல்ல நேரமா?"

பெட்டி அறையின் மூலையில் சீலைத்துண்டுக்குள் இருந்தது. மனோகரி அதை ஒரு தடவையும் இயக்கவில்லை. "அழிச்சிட்டு நம்மட படங்களப் போடுங்க அம்மா, அதுக்குத்தானே செஞ்சது" என்றான் நிலோஜன்.

"அது ஆக்கள்ட காணி மனே. அழிக்க ஏலா."

வெளிவேலையாக வீடுகளுக்குக் கட்டடப் படம் வரைந்தார். அழைத்தவர்கள் குறைவு. அவர் வரும்போது சிலர் மேசையிலிருந்த தாள்களைக் கவிழ்த்து வைத்தார்கள். சரிந்த நாட்காட்டியை நேராக்கப் போன கையை இப்போது பாதியில் இழுத்துக்கொள்வார். எதையாவது எடுக்கிறார் என்று நினைத்துவிடுவார்களாம். அதை ஒரு நாள் கோணாமலையிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். கோணாமலை சிரிக்கவில்லை.

அடுத்த மாரியில் அலுவலகத்துக்கு முன்னால் நின்ற மின்கம்பத்தில் இடி விழுந்தது. சேவர் எரிந்தது. ரதீஸ் பெக்கப் என்று அதோடே செருகி வைத்திருந்த தட்டும் எரிந்தது. கணினிகளில் பாதி எழும்பவில்லை. மனோகரி போகும் வரை வரைந்த எல்லாவற்றுக்கும் மிச்சமிருந்த ஒரே பிரதி கொம்மாதுறையில் சீலைத்துண்டுக்குள் இருந்தது.

வல்லிபுரம் தன் காரில் வந்தார். முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, மனோகரி கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார்.

"எல்லாம் போயிற்று மகள். வாகரைப் படங்களும்."

மனோகரி அறையின் மூலையைத் திரும்பிப் பார்த்தார்.

"புதுச் சேவர் போட்டாச்சி. அதே பேரில டொமைனும் செஞ்சாச்சி. உன்ட பெட்டியக் கொண்டந்து கொழுவினாச் சரி எண்டு திருத்துற ஆள் சொல்லுறார்."

"சரிவராது ஐயா. பேர் ஒண்டா இருந்தாலும் டொமைன் வேற. பெட்டி அதை நம்பாது. பழையதில இருந்து கழட்டிப் புதுசில சேர்க்கவேணும். அதுக்குப் பெட்டிட கடவுச்சொல் வேணும். அது என்னட்டத்தான் இரிக்கி."

"அதான் மகள் வந்தனான்."

"வாறன்" என்றார் மனோகரி. "ஒண்டுதான் கேட்கிறன். இது உங்கட ஒபிசில, உங்கட அலுமாரிக்குள்ள, நீங்க வெக்கச் சொல்லி இருந்தது. அத ஆக்களுக்கு முன்னால சொல்லவேணும். ஹாஜியாருக்கும் சொல்லவேணும். வேற ஒண்டும் வேணாம். வேலையும் வேணாம்."

வல்லிபுரம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மனோகரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லுறன் மகள். திங்கக்கிழமை காலமை வா. ஹாஜியாரும் வாறார். எல்லாருக்கும் முன்னால சொல்லுறன்."

கார் போனதும் கோணாமலை வந்தார். "முதல்ல சொல்லச் சொல்லு. மறுகா பெட்டியக் குடு."

"கையப் பிடிச்சிச் சொன்னவர்."

"முந்தித் தலையிலயும்தான் வெச்சவர்."

திங்கட்கிழமை மனோகரி நல்ல சேலை உடுத்தார். கலியாணத்துக்குப் போவதுபோல் பூவும் வைத்தார். கோணாமலையின் ஓட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். அலுவலகத்தில் ஆட்கள் நிறைந்திருந்தார்கள். படத்தின் பிரதி கேட்டு வாகரையிலிருந்து வந்த ஒரு பெண் வாசலோரம் நின்றாள். ஹாஜியார் முன்கதிரையில் இருந்தார். மனோகரி உள்ளே போய்ப் பெட்டியை மேசையில் வைத்தார்.

"ஐயா" என்றார் மனோகரி.

வல்லிபுரம் எழும்பினார். பெட்டியைப் பார்த்தார். ரதீஸைப் பார்த்தார். பிறகு எல்லாரையும் பார்த்துக் கையை விரித்தார்.

"இந்தா, வீட்டில இருந்து கொண்டந்து குடுத்திட்டா. மனிசர் எண்டா பிழை விடுறதுதான். நாங்க மன்னிச்சிட்டம். ஹாஜியார், நீங்களும் மனசில வெச்சிக்காதீங்க."

ஹாஜியார் தலையாட்டினார். "கொண்டந்து குடுத்த வரைக்கும் நல்லம்" என்றார்.

மனோகரியின் கை இன்னும் பெட்டியின் மேல் இருந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பெட்டி வீட்டில் இருந்தது என்பதற்கு இனிச் சாட்சி தேவையில்லை. தானே சுமந்துகொண்டு வந்து எல்லாருக்கும் முன்னால் வைத்திருக்கிறார். திருப்பி எடுத்தால் களவு. விட்டுவிட்டுப் போனால் ஒப்புதல்.

"ஐயா, அப்பிடி இல்லையே. நீங்க சொல்லுறன் எண்டீங்களே."

"சொல்லிட்டன்தானே மகள். முடிஞ்சிது. இனி ஒருத்தரும் கதைக்க மாட்டாங்க."

"பாஸ்வேட்டச் சொல்லுங்க அக்கா" என்றான் ரதீஸ். விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தான்.

வாசலில் நின்ற வாகரைப் பெண் மனோகரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்து எதையும் அறிய முடியவில்லை. கள்ளியைப் பார்ப்பதுபோலவும் இருந்தது, காணியைப் பார்ப்பதுபோலவும் இருந்தது.

மனோகரி ரதீஸை எழும்பச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கடவுச்சொல்லைத் தானே தட்டினார். பழைய டொமைனிலிருந்து பெட்டியைக் கழற்றினார். நேரத்தைப் பார்த்தார். பெயர் விசாரிக்கும் இடத்தைப் பார்த்தார். புதியதில் சேர்த்தார். படங்கள் ஏறத் தொடங்கின. ஆட்கள் முதுகுக்குப் பின்னால் மெல்லப் பேசிக்கொண்டார்கள். வாகரைப் படங்கள் ஏறி முடிந்ததும் அந்தப் பெண்ணின் படத்தைத் தேடி எடுத்து அச்சடித்து, அவள் கையில் கொடுத்தார். "நன்றி அக்கா" என்றாள் அவள். பிறகு தாளை விரித்து, எல்லைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுச் சரிபார்த்தாள். மனோகரி ஏதாவது மாற்றியிருப்பாரோ என்று பார்த்தாள்.

அது போதும் என்று மனோகரி எழும்பினார். கடவுச்சொல்லை ஒரு தாள்துண்டில் எழுதி மேசையில் வைத்தார். பெட்டியை விட்டுவிட்டு வந்தார். ஓட்டோவில் ஏறியதும் கோணாமலை கேட்டார்.

"சொன்னாரா?"

"மன்னிச்சிட்டாராம்."

கோணாமலை சாவியைத் திருப்பினார். ஓட்டோ இயங்கவில்லை. மறுபடி திருப்பினார். "யார, உன்னையா?"

"ஓம். போங்க."

அதன் பிறகு அவர் செங்கலடிக்குப் போகவில்லை. சாமான் வாங்க ஏறாவூருக்கும் போகவில்லை. வரைவதை விட்டுவிட்டார். நிலோஜன் தொலைபேசியில் ஏதாவது கணினிக் கதை சொன்னால், "அது எனக்கு விளங்காது மனே" என்றார். அவருக்கு விளங்காதது எதையும் அவன் சொல்லியிருக்கவில்லை. பங்குனியில் ஒரு காலை, கிணற்றடியில் விழுந்தார். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் வெடித்தது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கண் திறக்கவேயில்லை.

மறுநாள் செங்கலடிச் சந்தியில், மின்கம்பத்திலிருந்து கம்பத்துக்கு ஒரு பதாகை கட்டியிருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் மனோகரியின் முகம். கீழே பெரிய எழுத்தில்: "எமது அலுவலகத்தின் நீண்டகாலப் பணியாளர், நேர்மைக்கும் நம்பிக்கைக்கும் இலக்கணமாய் வாழ்ந்த திருமதி தேவமனோகரி கோணாமலை அவர்களுக்கு எமது கண்ணீர் அஞ்சலி." அதன் கீழே வல்லிபுரத்தின் பெயரும் ரதீஸின் பெயரும்.

செத்த வீட்டுக்கு வல்லிபுரம் மாலையோடு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தார். இது வேறு பெட்டி. பிறகு கோணாமலையின் தோளைத் தொட்டார். "என்ட மகள் மாதிரி, கோணாமலை. அவவப்போல நேர்மையான ஆள் இல்ல."

கோணாமலை முற்றத்துப் பந்தலைக் காட்டினார். அங்கே பிளாஸ்டிக் கதிரையில் மஜீட் ஹாஜியார் இருந்தார். எப்படியோ கேள்விப்பட்டு வந்திருந்தார்.

"ஹாஜியார் அந்தா இரிக்கார் ஐயா. இத அவருக்கிட்டச் சொல்லுங்க. பெரிசா ஒண்டும் வேணாம். அந்தச் சாமான் எங்க இருந்த எண்டு மட்டும் சொல்லுங்க."

வல்லிபுரம் தலையாட்டினார். பந்தலுக்குள் போனார். ஹாஜியாருக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். யாரோ சோடா கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கோணாமலை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டு நின்றார்.

"இந்த முறை மழை பிந்தித்தான் விட்டிரிக்கி" என்றார் வல்லிபுரம்.

"ஓம் ஐயா. வயல் வட்டைக்குள்ள தண்ணி இன்னும் வத்தல்ல" என்றார் ஹாஜியார்.

"பாசிக்குடாப் புது வேலை எப்பிடிப் போகுது?"

"போகுது. உங்கட மருமகன்தானே பார்க்கிறார்."

சோடா முடிந்தது. வல்லிபுரம் எழும்பி, ஹாஜியாருக்குக் கை கொடுத்துவிட்டு, கோணாமலை நின்ற பக்கம் திரும்பாமல் காருக்குப் போனார்.

கோணாமலை நிலோஜனைக் கூப்பிட்டார். "சந்தியில அந்தத் துணி கட்டிக் கிடக்கு. அம்மாவ எடுக்கிறதுக்கு முன்னம் போய்க் கழட்டிட்டு வா."

நிலோஜன் ஏணியோடு போனான். முடிச்சுகள் இறுகியிருந்தன. கத்தியால் அறுத்தான். சந்தியில் நின்றவர்கள் பார்த்தார்கள், யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பின்னேரம் மனோகரியைக் கொண்டுபோனபோது கம்பத்தில் கயிற்றுத் துண்டுகள் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.